கடலுக்குச் செல்லும் பிள்ளைகளும் கரையில் நிற்கும் பெற்றோரும்

பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ பிள்ளைகள் கொண்டுவரும் அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். ‘கடலில் கயாக் பயிற்சி, ஒருநாள் சிற்றுலா’ என்று அதில் எழுதியிருக்கும். பிள்ளையின் முகத்தில் ஆவல் பொங்கும். வாப்பா தயங்குவார்; உம்மா கவலைப்படுவார்; முடிவில் பிள்ளையின் ஆசையே வெல்லும். அந்த ஒரு நிமிடத்தில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு. வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் சீல் என்னும் கடல்விலங்கை வேட்டையாடுவதற்காக, அவ்விலங்கின் தோலையே போர்த்திச் செய்துகொண்ட படகு இது. இன்று பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்யப்பட்டு, உலகெங்கும் விளையாட்டுக் கருவியாகிவிட்டது. சென்னையை அடுத்த கோவளம், இராமேசுவரம் முதலிய இடங்களில் இதற்குப் பயிற்சி தரப்படுகிறது. வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும், அபுதாபியின் அலையாத்திக் காடுகளுக்கிடையே கயாக் செலுத்துவது விடுமுறை நாள் பொழுதுபோக்காக அமைந்துள்ளது.

இவ்விளையாட்டு உடலுக்கு வலிமையும் உள்ளத்துக்குத் துணிவும் தருவது. இதை வேண்டாமென்று தடுப்பது நம் நோக்கமன்று. ஆனால் கடற்பயணத்தின் பாதுகாப்பு கடலில் முடிவாவதில்லை. படகை நீரில் இறக்குவதற்கு முன்பே, கரையிலேயே முடிவாகிவிடுகிறது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய ஒரு துயர நிகழ்ச்சியை முதலில் காண்போம்.

லைம் விரிகுடாவில் நிகழ்ந்தது

இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் மாவட்டத்தில் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் சார்மத் என்னும் மற்றோர் ஊர். 1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் காலை, பிளிமத் நகரப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த மாணவ மாணவியர் 8 பேரும் அவர்களுடைய ஆசிரியர் ஒருவரும், தனியார் பயிற்சி மையம் ஒன்றின் பயிற்றுநர் இருவருடன் கயாக்குகளில் லைம் ரீஜிஸிலிருந்து புறப்பட்டனர். கரையோரமாகச் சென்று நண்பகல் வாக்கில் சார்மத்தை அடைவது திட்டம். மாணவர்கள் பதினாறு, பதினேழு வயதினர். கடலில் கயாக் செலுத்திப் பழகாதவர்கள்.

புறப்பட்ட சிறிது நேரத்தில் ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. நிமிர்த்தி ஏற்றினால் மீண்டும் கவிழ்ந்தது. பயிற்றுநர் ஒருவர் அவருக்கு உதவியாக நின்றுவிட, மற்றவர் எட்டு மாணவர்களின் படகுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கச் செய்து காத்திருந்தார். அவ்வாறு காத்திருந்த வேளையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிய காற்று அவர்களை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போயிற்று. இரு குழுவினரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் மறைந்தனர். கரையை விட்டு அகல அகல அலைகள் உயர்ந்தன. படகின் இருக்கைத் துளையை மூடி நீர் புகாமல் தடுக்கும் மறைப்பு அவர்களிடம் இல்லை. அலைகள் படகுகளுக்குள் பாய்ந்து நிரப்ப, ஒருவர் பின் ஒருவராக அனைவரும் குளிர்ந்த நீரில் விழுந்தனர்.

அவர்களிடம் வானொலித் தொடர்புக் கருவி இல்லை. அபாய ஒளிக்குறி காட்டும் வாணங்களும் இல்லை. நண்பகலில் சார்மத்தை அடைந்திருக்க வேண்டியவர்கள் வந்து சேரவில்லை என்ற செய்தி கடலோரக் காவலருக்கு எட்டியபோது பிற்பகல் மூன்று மணி கடந்திருந்தது. மாலையில் ஹெலிகாப்டர்கள் வந்து அவர்களை நீரிலிருந்து மீட்டன. ஆயினும் மாணவர்கள் நால்வர் உயிரிழந்தனர்.

அன்று புயல் வீசவில்லை. படகுகள் உடையவில்லை. காற்றின் திசையை எண்ணாமை, மறைப்பின்மை, தகவல் கருவியின்மை, கரையில் நேரம் பார்த்துப் பதறுவார் இன்மை எனக் கரையில் விடப்பட்ட சிறு சிறு குறைகளே ஒன்றுகூடி நான்கு இளம் உயிர்களைக் கொண்டுசென்றன.

சட்டம் கண்விழித்தது

வழக்கு நீதிமன்றம் சென்றது. விபத்துக்கு முந்தைய ஆண்டிலேயே, அம்மையத்தில் பணியாற்றிய பயிற்றுநர் இருவர் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டி நிருவாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தனர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 1994 டிசம்பரில் மையத்தை நடத்திய நிறுவனம் கொலைக்குற்றத்துக்குச் சற்றே குறைந்த உயிர்ப்பலிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது. ஒரு நிறுவனம் இக்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றது ஆங்கிலச் சட்ட வரலாற்றில் அதுவே முதன்முறை. நிறுவனத்துக்கு 60,000 பவுன் அபராதமும், நிருவாக இயக்குநருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் 2 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

1995இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இளையோரின் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைத் துணிகர விளையாட்டுகளுக்கு அழைத்துச் செல்லும் மையங்கள் உரிமம் பெற்றே நடத்தப்பட வேண்டும் என்ற நிலை அதன் பின்னரே உருவாயிற்று. பிள்ளைகளை இழந்த பெற்றோரின் இடைவிடாத முயற்சி அச்சட்டத்துக்குப் பின்னணியாக இருந்தது.

அமைதி காட்டி ஏமாற்றும் காற்று

கடல் என்றதும் நாம் அஞ்சுவது கரையை நோக்கிச் சீறி வரும் காற்றையும் அலையையும்தான். சிறு படகில் செல்வோர் அவற்றினும் அஞ்ச வேண்டியது முதுகுப்புறமாக, நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றை. கரையிலுள்ள குன்றுகளும் மரங்களும் கட்டடங்களும் அதை மறைத்து நிற்பதால், கரையருகே கடல் குளம்போல் அமைதியாகத் தோன்றும். ‘இன்று கடல் நன்றாக இருக்கிறது’ என்று புதியவர் மகிழ்வார். இருநூறு முந்நூறு மீட்டர் சென்றதும் மறைவு நீங்கிக் காற்று முழு விசையுடன் பற்றிக்கொள்ளும். திரும்பிப் பார்க்கும்போது கரை தொலைவில் இருக்கும்.

நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காலமாகிய சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் மேலைக்காற்று இவ்வகையைச் சேர்ந்தது. கச்சான் என்று கடலோர மக்கள் அழைப்பது இக்காற்றையே. நண்பகலுக்குப் பின் நிலம் சூடேற, நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இதுவே கடற்காற்று. ஆகவே ஒரே நாளில் காலையில் ஒரு திசையும் பிற்பகலில் வேறொரு திசையுமாகக் காற்று மாறுவது இயல்பு. காலையில் பார்த்த கடலை மாலைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் காற்றைக் கவனித்துப் புறப்பட்டு, லுஹர் பாங்கு ஒலிக்கும் முன் கரையேறிவிடுவது புதியவர்களுக்கு நல்ல கால வரையறை. வெயிலின் கொடுமையும் இதனால் தவிரும்.

காற்றை அளந்தறிதல்

1805இல் பிரான்சிஸ் போபோர்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி காற்றின் விசையைக் கப்பலின் பாய்கள்மீது அது ஏற்படுத்தும் விளைவைக் கொண்டு தரம் பிரிக்கும் முறையை வகுத்தார்; கடலின் தோற்றத்தைக் கொண்டு தரம் அறிவது பின்னரே அதில் சேர்ந்தது. அதன்படி மணிக்கு 12 முதல் 19 கி.மீ. வரை வீசும் காற்று மூன்றாம் தரம்; அப்போது அலைமுடிகளில் ஆங்காங்கே வெண்ணுரை தோன்றத் தொடங்கும். 20 முதல் 28 கி.மீ. வரை நான்காம் தரம். அப்போது வெண்ணுரை எங்கும் அடிக்கடி தெரியும். கடலில் வெண்ணுரைகள் பரவலாகத் தெரிந்தால் அது பழகாதவர் படகிறக்கும் நாளன்று. இந்த ஓர் அடையாளத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அது படகின்மீதும் ஆளின்மீதும் செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. கயாக் செலுத்துபவர் அமைதியான நீரில் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. செல்வார். எடுத்துக்காட்டாக, பின்காற்றின் உதவியால் ஒருவர் மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் சென்றுவிட்டார் என்று கொள்வோம். திரும்பும்போது எதிர்காற்றில் அவரால் 3 கி.மீ. வேகமே இயலுமானால், அதே தொலைவைக் கடக்க 2 மணி 20 நிமிடம் ஆகும். அதுவும் களைத்த கைகளுடன். இதனாலேயே அனுபவமுள்ளோர் முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, களைப்படைந்தபின் காற்று துணைவரத் திரும்புமாறு வழியை அமைக்கின்றனர்.

மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு வரவில்லையே என்று சிலர் கேட்பர். அவ்வறிவிப்பு பெரும்பாலும் மணிக்கு 45 கி.மீ. அளவிலான காற்றை ஒட்டி வெளியிடப்படுவது; கடலையே வாழ்வாகக் கொண்டவர்க்கும் அவர்தம் படகுக்கும் உரியது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அத்தகையதே. கயாக்கில் செல்லும் பிள்ளைக்கு அதில் பாதிக் காற்றே ஆபத்தாகிவிடும். எச்சரிக்கை இருந்தால் கட்டாயம் செல்லக் கூடாது; எச்சரிக்கை இல்லை என்பதாலேயே செல்லலாம் என்றும் பொருளாகாது.

பிறையும் ஓதமும்

பிறை பார்த்து மாதம் கணிக்கும் நம் இல்லங்களுக்குக் கடலின் ஏற்ற வற்றத்தைப் புரிந்துகொள்வது எளிது. தலைப்பிறையை ஒட்டியும் பதினான்கு, பதினைந்தாம் பிறையை ஒட்டியும் வரும் நாட்களில் கதிரவனின் ஈர்ப்பும் நிலவின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் கூடுகின்றன. அதனால் கடல் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றுகிறது, நீரோட்டமும் வலுக்கிறது. ஏழு, எட்டாம் பிறையிலும் இருபத்திரண்டாம் பிறை வாக்கிலும் ஏற்ற வற்றம் குறைவு. வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். அதில் மூன்றாம் நான்காம் மணிகளில்தான் நீர் மிக விரைந்து ஓடுகிறது.

தமிழகக் கடற்கரையில் ஏற்ற வற்ற வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவினதே. ஆனாலும் ஆற்று முகத்துவாரங்களிலும், பாம்பன் போன்ற ஒடுங்கிய நீர்வழிகளிலும் நீரோட்டம் விசைமிக்கது. நீர் ஒரு திசையில் ஓட, காற்று எதிர்த்திசையில் வீசினால் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழுந்து சிறு படகைப் புரட்டிவிடும். அலையாத்திக் காடுகளின் கால்வாய்களிலோ வேறொரு தொல்லை. வற்றத்தில் சிக்கிய படகு சேற்றில் அமர்ந்துவிடும். ஏற்றம் வரும்வரை வெயிலில் காத்திருக்க நேரிடும்.

தொலைவிலிருந்து வரும் அலையும் இடியும்

வானம் தெளிவாக, காற்றும் அடங்கியிருக்கும் நாளில் திடீரெனப் பேரலைகள் கரையைத் தாக்குவதுண்டு. கேரள, கன்னியாகுமரி மக்கள் இதனைக் கள்ளக்கடல் என்பர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயல்களால் உண்டாகும் நெடிய அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவ மாணவியர் ஐவர் இத்தகைய அலைகளில் உயிரிழந்தனர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்பே எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆகவே வானிலை அறிக்கையில் மழையையும் காற்றையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அலையின் உயரத்தைப் பற்றிய இம்மையத்தின் அறிவிப்பையும் முதல்நாள் மாலையிலும் புறப்படும் காலையிலும் பார்த்துவிட வேண்டும்.

கோடை மழைக்காலத்திலும் வடகிழக்குப் பருவக்காலத்திலும் பிற்பகலில் மின்னல் இடியுடன் மழை பெய்வது வழக்கம். விரிந்த கடலில் உயர்ந்து நிற்கும் பொருள் படகிலுள்ள மனிதரே என்பதை மறக்கலாகாது. இடியோசை கேட்ட உடனே கரையேற வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழியும்வரை மீண்டும் நீரில் இறங்கக் கூடாது.

உடுப்பும் உடைமையும்

நீச்சல் அறிந்தவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்தே ஆக வேண்டும். அது உடல் அளவுக்குப் பொருந்தி, வார்கள் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காதுக்கு மேல் ஏறிவரும் சட்டை பயன்படாது. படகில் கட்டிவைத்த சட்டை கவிழும் வேளையில் கைக்கு எட்டாது.

குளிர்நாடுகளில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒன்றை அறிய வேண்டும். வெயில் அடிக்கும் இளவேனில் நாளிலும் கடல்நீர் கடுங்குளிராக இருக்கக்கூடும். 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் விழுந்தவுடன் மூச்சு முட்டித் தன்னையறியாமல் நீரை உள்ளிழுக்க நேரும். அடுத்த பத்து நிமிடங்களில் கைகால்கள் செயலிழக்கத் தொடங்கும். ஆகவே உடை காற்றின் வெப்பத்துக்கன்றி நீரின் குளிருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகள் நீண்ட தளர்ந்த ஆடையுடன் படகேறுவது ஆபத்தானது. நனைந்த துணி கால்களைச் சுற்றி இழுக்கும். படகிலிருந்து விடுபடவும் தடையாகும். உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடைகள் இன்று கிடைக்கின்றன. தலைமறைப்பும் ஊசியின்றி உடலோடு படிந்தவாறு அவற்றிலேயே அமைந்துள்ளது. அவை வெயிலிலிருந்தும் காப்பன.

சட்டையில் கட்டிய விசில், நீர்புகா உறையில் கைப்பேசி, குடிநீர், ஒரு துண்டு இனிப்பு ஆகியன ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குழுத்தலைவரிடம் வானொலித் தொடர்புக் கருவி இருத்தல் நன்று. இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்புத் தொலைபேசி எண் 1554. அதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கட்டும். நோன்பு நாட்களில் வெயிலில் நெடுநேரம் துடுப்பிடும் பயணத்தைத் தவிர்த்து, பெருநாளுக்குப் பின் வைத்துக்கொள்வதே உடல்நலனுக்கு உகந்தது.

கரையில் ஒருவர்

இவை அனைத்தினும் இன்றியமையாதது ஒரு துண்டுத் தாள். எங்கிருந்து எங்கே செல்கின்றனர், எத்தனை பேர், படகுகளின் நிறம் என்ன, எத்தனை மணிக்குக் கரை திரும்புவர் ஆகியவற்றை எழுதிக் கரையிலுள்ள பொறுப்பான ஒருவரிடம் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் கடலோரக் காவல்படைக்குத் தகவல் தர வேண்டும் என்பதும் அத்தாளில் இருக்க வேண்டும். ‘சற்று நேரம் பார்ப்போம், வந்துவிடுவார்கள்’ என்ற எண்ணம் லைம் விரிகுடாவில் எத்தகைய விலைகொண்டது என்பதை மேலே கண்டோம். குறித்த மணி கடந்தால் தயக்கமின்றித் தகவல் தருவதே முறை. தேடுவோர் புறப்பட்டபின் பிள்ளைகள் நலமாக வந்து சேர்ந்தால் அதனால் எவருக்கும் இழப்பில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

படிவத்தில் கையெழுத்திடும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறியுங்கள்:

1. பயிற்றுநர் பெற்ற தகுதி கடலுக்குரியதா, குளத்துக்கும் ஏரிக்கும் மட்டும் உரியதா?

2. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? ஒருவருக்கு உதவப் பயிற்றுநர் நின்றுவிட்டால் மற்றவர்களைக் காப்பவர் யார்?

3. கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறி, படகைப் பற்றியவாறே மிதக்கும் பயிற்சி ஆழமற்ற நீரில் முதலில் தரப்படுகிறதா?

4. துணைக்கு மோட்டார்ப் படகு உண்டா?

5. வழியில் கரையேறத்தக்க இடங்கள் எவை?

6. வானிலை மாறினால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? நிறுத்தினால் பணம் திருப்பித் தரப்படுமா, வேறு நாள் ஒதுக்கப்படுமா?

கடைசிக் கேள்வி பணத்தைப் பற்றியதுபோல் தோன்றினும் உயிரைப் பற்றியது. நிறுத்தினால் வருமானம் போய்விடும் என்ற நிலையிலுள்ளவர் வெண்ணுரையைக் கண்டும் காணாதவராக இருக்கக்கூடும். இக்கேள்விகளுக்கு மனம் நோகாமல் விடையளிக்கும் பயிற்சி மையத்தை நம்பலாம். ‘எங்களிடம் இதுவரை ஒன்றும் நேர்ந்ததில்லை’ என்பது விடையாகாது.

பிள்ளைகளிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். கடற்கரைவரை போய்விட்டுக் காற்று சரியில்லை என்று படகில் ஏறாமல் திரும்பிவந்தால், வீட்டில் எவரும் கேலி செய்யமாட்டோம். தோழர்கள் அழைத்தாலும் அச்சமாக இருந்தால் வரவில்லை என்று சொல்லலாம் என்பதே அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பாய்மரக் கலம் செலுத்திய நம் முன்னோர், உகந்த காற்று வரும்வரை வாரக்கணக்கில் துறையில் காத்திருந்தவர்கள். சரக்கு கலத்தில் ஏற்றப்பட்டிருக்கும். அக்கரையில் வணிகர் எதிர்நோக்கியிருப்பர். ஆயினும் காற்று மாறாமல் அவர்கள் நங்கூரம் தூக்கியதில்லை. அவர்களை எவரும் கோழைகள் என்று கூறவில்லை. கடலறிந்தவர்கள் என்றே கூறினர். அப்பொறுமையையும் சேர்த்து நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பின்னர், அப்படிவத்தில் நிம்மதியாகக் கையெழுத்திடலாம்.